உன் புள்ளி நகர்ந்த நாள்

இசக்கி, நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒன்று என்றால் உன்னோடு பறக்கிறவர்களுக்கும், போட்டி நடத்துகிற கமிட்டிக்கும், ஊர் பேர் தெரியாத நாலு பேருக்கும் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் எப்போதும் கடைசி. அது பழகிப்போன சங்கதி, அதை விடு. போன வெள்ளிக்கிழமை உன் மகள் கல்யாணத்துக்கு வாசலில் கால்நாட்டினோம். நட்ட கம்பில் தடவிய மஞ்சள் காயவில்லை, உன் போன் வந்தது. அப்பா வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று பவித்ரா எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டாய். "வெளிநாட்டுல போட்டி. இதுல புள்ளி கிடைச்சாத்தான் இந்திய டீம்ல இடம். எனக்கும் வயசாகுதுல்லா. இது ஒண்ணுதான்மா." உன் பெண்டாட்டி வடிவு முற்றத்தில் உட்கார்ந்து டவுன் சந்தைக்குப் போகிற வாழையிலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாரை இழுத்து முடிச்சுப் போட்டவள், அது அறுகிறவரைக்கும் இழுத்தாள். பவித்ரா போனை வாய்க்கருகே கொண்டுபோய், "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நீ அதைத் தள்ளி வைக்கச் சம்மதித்த 'சரி' என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. மறுநாளே மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டுப் புதுத் தேதி கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன செய்வாய் என்று தெரியும். "அம்மா ஏதோ பொலம்புதா, பைய படிச்சுக்கிடலாம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டு, மலையேறிப் போய்விடுவாய். நாலு பேர் படித்து, அந்த நாலு பேரும் உன்னிடம் வந்து "இது உம்ம வீட்டுக் கதையா வே?" என்று கேட்கட்டும் என்றுதான் ஊர் படிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. ஒற்று விட்டுப்போன இடங்களைப் பவித்ரா சரி பண்ணியிருக்கிறாள். சொல்லை மாற்ற நான் விடவில்லை.

நீ பறப்பது எனக்குப் பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதே. ஸ்ரீவைகுண்டம் பஸ் நிலையத்திலிருந்து அணைக்கட்டு வரைக்கும் உன்னைப் பற்றி நான் அளக்காத ஆள் கிடையாது. ஒருதடவை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக் கோமதியிடம், "ஏட்டி, உன் மவன் துபாய்க்குப் போனான், டிக்கெட் எடுத்துப் போனான். எம் மவன் டிக்கெட்டும் இல்லாம, பிளேனும் இல்லாம மேகத்துக்குள்ள போயிட்டு வாரான்" என்று சொல்லப்போய், அவள் என்னோடு பேச்சையே விட்டுவிட்டாள். பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. அந்தப் பெருமைதான் பின்னால் என் வாயைக் கட்டிப்போட்டது, அதற்கு வருகிறேன்.

வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் நீ வேலைக்குப் போன காலம் நினைவிருக்கிறதா? கோபுரத்துக்குள்ளே ஏணியில் ஏறி உச்சிக்குப் போய் நட்டு முடுக்கிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருவாய். ஒருநாள் சோற்றில் கையை வைத்தவன் பிசையாமல் உட்கார்ந்திருந்தாய். "என்னலே, வயிறு சரியில்லையா?" என்று கேட்டேன். "அம்மா, கம்பெனிக்கு வந்த வடக்கத்தி இன்சினியர் ஒருத்தர் இன்னிக்கு மலையிலருந்து ஒரு துணியை விரிச்சுப் பறந்தாரு. நான் ஏணியில ஏறி உச்சிக்குப் போறதுக்குள்ள, அவரு ஏணியே இல்லாம எனக்கு மேல போயிட்டாரும்மா" என்றாய். உன் அப்பாவுக்குச் சிரிப்பு. "ஏணி இல்லாம ஏறுனவரு எப்படில இறங்குனாரு?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. "இறங்குறதுதாம்ப்பா வித்தையே" என்றாய். அந்த இன்சினியர் பின்னாலேயே திரிந்து நீயும் பழகினாய். பாராகிளைடர் என்று நீ சொல்வாய், எங்கள் வாயில் அது இன்றைக்கும் 'துணி'தான். தலைக்கு மேலே வாழையிலை மாதிரி வளைந்து நிற்கிற துணி, அதிலிருந்து நூல் நூலாக இறங்கி வரும் கயிறு, அடியில் ஒரு தொட்டில், தொட்டிலில் நீ.

பிறகு காற்றாலை வேலையை விட்டுவிட்டு இமாசலத்து மலையூருக்குப் போய், சுற்றுலா வருகிறவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பறக்கிற வேலையில் சேர்ந்தாய். பவித்ராவுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. "ஒரு வருசம்மா, வந்துருதேன்" என்றாய். அந்த வருஷம் முடியும்போது போட்டி என்று ஒன்று உன்னைப் பிடித்துக்கொண்டது. "இது ஒண்ணுதான்மா, முடிச்சிட்டு வாரேன்" என்று முதல் தடவை சொன்னது அப்போதுதான். பொங்கலுக்குச் சொன்னாய், பிள்ளைக்குக் காது குத்தும்போது சொன்னாய், அவள் பெரிய மனுஷியானபோது சொன்னாய். அவளுக்குச் சடங்கு சுற்றியபோது, "அப்பா எங்கே?" என்று கேட்டவர்களுக்கு வடிவு, "காத்து கிடைக்கலையாம், காத்துட்டு இருக்காவ" என்றாள். ஒரு கிழவி, "இங்கன அடிக்கிற காத்து அவனுக்குப் போதாதாக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வடிவும் சேர்ந்து சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அப்பா ஒரு தடவை நீ இருக்கும் ஊருக்கு வந்தார் அல்லவா? அவரைத் தொட்டிலில் வைத்துப் பறந்தாய். வாழையும் நெல்லும் தவிர வேறொன்றும் அறியாத மனுஷர். திரும்பி வந்தவரிடம் ஊரே கதை கேட்டது. எல்லாரிடமும் "நல்லாருந்து, நல்லாருந்து" என்றுதான் சொன்னார். என்னிடம் மட்டும் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "மேல போனா வயலு தெரியுது. ஆறு தெரியுது. ரோடு தெரியுது. ஆளு மட்டும் தெரிய மாட்டேங்கு. அவனைச் சொல்லிக் குத்தமில்ல."  அதன் பிறகு நீ பறக்கிற நாளெல்லாம் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். இறங்கிட்டானா?

உங்கள் போட்டி எப்படி நடக்கும் என்று அவருக்கும் எனக்கும் பவித்ராதான் சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் ஒரு மலையிலிருந்து கிளம்ப வேண்டும். சொல்லியிருக்கிற இடங்களையெல்லாம் சுற்றிவிட்டு, தூரத்தில் ஒரு மைதானத்தில் போய் இறங்க வேண்டும். முதலில் போனவனுக்குப் புள்ளி அதிகம். இஞ்சின் கிடையாது. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூட்டுக்காற்று எங்கே கிளம்புகிறதோ அங்கே போய்ப் பருந்து மாதிரி வட்டமடித்து உயர வேண்டும். ஒவ்வொருத்தன் மடியிலும் ஒரு சின்ன மெஷின் இருக்கும், அவன் எங்கே போகிறான் என்று அது போனில் காட்டும். படத்தில் நீ ஒரு சிவப்புப் புள்ளி. மைதானத்திலோ வழியில் ஏதாவது வயலிலோ இறங்கினால், உடனே கமிட்டிக்கு 'இறங்கிட்டேன்' என்று செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் விழுந்துவிட்டான் என்று தேடி ஆள் அனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் நீ ஒருதடவைகூட அதைத் தவறவிட்டதில்லை என்று ஒரு பத்திரிகையில் உன்னைப் புகழ்ந்து எழுதியிருந்தது. பவித்ரா அதை வாசித்துக் காட்டினாள். உன் அப்பா, "அதுல நம்ம நம்பரையும் சேர்த்துக்கிடச் சொல்லேன்" என்றார். அவள் உன்னிடம் சொன்னாள். "அது வேற சிஸ்டம் தாத்தா" என்று உன் பதிலை அவரிடம் சொன்னபோது, பிள்ளையின் குரல் இறங்கிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் புள்ளியைத்தான் நம்பினார். தோட்டத்துக்குப் போனாலும் ஒரு நடை வந்து, "ஏட்டி, இறங்கிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு சித்திரையில் ஏத்தன் வாழை குலை தள்ளி, வெட்டுக்கு நாள் பார்த்திருந்தோம். மத்தியானம் ஒரு சுழற்காற்று வந்தது. முட்டுக் கொடுத்திருந்த கம்போடு சேர்த்து வாழையெல்லாம் படுத்துவிட்டது. உன் அப்பா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் உன் போன் வந்தது. "அப்பா! இன்னிக்கு என்ன காத்துங்கிய! பின்னாலருந்து அப்படியே தள்ளிட்டுப் போச்சு. நான்தான் முதல்ல வந்தேன்!" என்று கத்தினாய். எனக்கே கேட்டது. அவர் விழுந்த குலைகளைப் பார்த்துக்கொண்டே, "நல்லது ஐயா. நல்லது. உடம்பைப் பார்த்துக்க" என்றார். தோட்டம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காற்று அடித்தால் எங்கள் வாழை சாயும், உனக்கு அதுதான் ரோடு. ஒரே காற்றை வைத்து அப்பனும் மகனும் இரண்டு பிழைப்பு நடத்தினீர்கள் என்பதை இன்றைக்காவது தெரிந்துகொள்.

இனி எழுதப்போவதை உன்னிடம் யாரும் பேசியதில்லை. உன் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் உனக்குப் போன் செய்தேன். மலையுச்சியில் நின்றாய். பின்னால் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஆட்கள் பேசுவது கேட்டது. "டாக்டர் என்னம்மா சொல்லுதாவ? பேச்சு இருக்குல்லா? அப்ப பயமில்ல. இன்னிக்கு உள்ளதை முடிச்சிட்டு உடனே கிளம்புதேன். இது ஒண்ணுதான்மா." உன் அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினார். மத்தியானம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பவித்ரா அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் பிளஸ் டூ படித்தாள். வாய் கோணியிருந்ததால் அவருக்குச் சொல் முழுசாக வரவில்லை. "இறங்... டானா" என்றார். "இல்ல தாத்தா. சுத்துதாவ. ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருக்காவ." அவர் முகத்தின் நல்ல பக்கம் மட்டும் கொஞ்சம் சிரித்தது. "சுத்துனா... ஏறுதான்" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. உன் புள்ளி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். மகன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே போனார்.

நீ ஏறவில்லை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு அயல்நாட்டுக்காரன் துணி சுருண்டு காட்டுக்குள் விழுந்திருக்கிறான். அவன் கிடக்கும் இடம் தேடி வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று, போட்டியை விட்டுவிட்டு நீ அவனுக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். ஆட்கள் வந்த பிறகு பக்கத்தில் இறங்கி அவனைத் தூக்க உதவியிருக்கிறாய். சிக்னல் இல்லாத இடம், அதனால்தான் நாங்கள் அழைத்தது கிடைக்கவில்லை. உன் படத்தைப் போட்டு 'வெற்றியைவிட உயிர் பெரிது' என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்ல மாட்டேன். அந்த நாளைக்காக உன்னை நான் ஒரு சொல் சொல்லப்போவதில்லை. நீ செய்தது சரி. ஒருவன் விழுந்து கிடக்கும்போது தாண்டிப் போகாத பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறேன். என் வழக்கு அதற்கு மறுநாளைப் பற்றியது.

அப்பா போன அன்று சாயங்காலம் உனக்குத் தகவல் கிடைத்தது. அழுதாய். "அம்மா, மலையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிட்டு. நாளைக்குச் சாயங்காலம்தான் வண்டி விடுவாவளாம். அப்பாவை வச்சிருங்கம்மா" என்றாய். ஐஸ் பெட்டி வரவழைத்தோம். மறுநாள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "மவன் எங்கன வாரான்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ரோடு அடைச்சிட்டாம், பாவம் துடிச்சுக்கிட்டு இருக்கான்" என்று நானே சொன்னேன். உச்சிப்பொழுதில் பவித்ரா என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். "ஆச்சி, சத்தம் போட்டுராத" என்று சொல்லிவிட்டு போனைக் காட்டினாள். உன் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி, பக்கத்தில் உன் பெயர், அதற்குப் பக்கத்தில் உயரம். "அப்பா கிளம்பல ஆச்சி. அப்பா பறக்காவ." முந்தின நாள் உதவி செய்ததற்காக நீ இழந்த போட்டிப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி நாள் பறந்தால் பரிசு உண்டு என்று ஆகியிருக்கிறது. கூடத்தில் உன் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். அடுக்களைக்குள் நானும் என் பேத்தியும் நின்று நீ ஏறுவதைப் பார்த்தோம்.

ரோடு அடைத்தது என்றது பொய். முந்தின நாள் சாயங்காலமே கிளம்பியிருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாய். போனவர் போய்விட்டார், ஒருநாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று நினைத்திருப்பாய். சரிதான், அவருக்கு ஒன்றுமில்லை. நான் உயிரோடு இருந்தேன் இசக்கி. வடிவு இருந்தாள். உன் மகள் இருந்தாள். இருட்டுமுன் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கொள்ளிச் சட்டியைப் பங்காளி மகனிடம் கொடுக்கப் பார்த்தபோது பவித்ரா முன்னால் வந்து கையை நீட்டினாள். "பொம்பளப் பிள்ளை வராதம்மா" என்றார்கள். "அப்பா வரலைல்லா. அப்பாவுக்கு உள்ளது எனக்கு" என்றாள். சட்டி அவள் கைக்குப் போனது. காடாற்று முடிந்து சாம்பலை ஆற்றில் கரைத்த பிறகு நீ வந்தாய். வாசலில் விழுந்து அழுதாய். "விடு ஐயா, ரோடு அடைச்சா நீ என்ன செய்வ" என்று ஊர் உன்னைத் தேற்றியது. நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நீ குடித்தாய். உன் பையில் அந்தப் பரிசுக் கோப்பை துணியில் சுற்றி இருந்தது. துவைக்கத் துணி எடுக்கப்போன என் கையில்தான் அது தட்டுப்பட்டது. பழையபடி சுற்றி வைத்துவிட்டேன்.

ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்கிறாயா? ரேஷன் கடையில் நின்று அளந்தவள் நான். எம் மவன் இப்படிப்பட்டவன் என்று எந்த வாயால் சொல்வேன்? உன் மானம் என் மானம் என்று மூடி வைத்தேன். பவித்ராவும் "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஆச்சி" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தக் கடிதம் எழுத உட்காரும் முன்பு, இனி மறைக்கக்கூடாது என்று வடிவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் இலை நறுக்குகிற கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை. எங்கிட்டயும் போன் இருக்குல்லா" என்றாள். ஒரே வீட்டில் மூன்று பெண்கள், ஒருத்தி அறிந்தது மற்றவளுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை வருஷம் உன் பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். வள்ளியூர்ச் சம்பந்தி உன்மேல் கொள்ளைப் பிரியம் வைத்திருந்தார். நீ விளையாட்டுக்குச் சொன்னாயோ, நிஜமாகவே சொன்னாயோ, "முகூர்த்தத்துக்கு மேலருந்து இறங்கி வாரேன் அண்ணாச்சி" என்று ஒருதடவை அவரிடம் சொல்லியிருக்கிறாய். மனுஷர் உன் படத்தைப் போட்டுப் பெரிய பேனரே அடித்துவிட்டார். 'விண்ணில் பறக்கும் சம்பந்தி வருக' என்று எழுத்து, அடியில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், தலைக்கு மேலே நீ. "அத்தை, அண்ணாச்சி மட்டும் மண்டப வாசல்ல இறங்குனா வள்ளியூரே பேசும்லா!" என்று என்னிடம் காட்டினார். நீ தேதி மாற்றக் கேட்ட மறுநாள் அவரே வந்தார். முகம் வாடியிருந்தது. "தேதி மாத்த முடியாதுன்னா பரவால்ல அத்தை. தாரை வார்க்க மட்டும் ஒரு தம்பதியா ஆளு வேணும்லா? மயினியோட அண்ணனையும் அவர் பெண்டாட்டியையும் நிக்கச் சொல்லுவோமா?" என்று வடிவைக் காட்டிக் கேட்டார். வடிவு காபியை நீட்டினாள். பவித்ராதான் உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணப் பெண் மாமனார் முன்னால் இப்படிப் பேசலாமா என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. "மாமா, என்னை வளத்தது அம்மா ஒருத்திதான். குடுக்கிறதும் அம்மா ஒருத்தியே குடுக்கட்டும். உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க" என்றாள். அவர் காபி தம்ளரைக் கையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். கடைசியில், "தாத்தாவுக்குக் கொள்ளி வச்ச பிள்ளைன்னு கேள்விப்பட்டுத்தான் நான் பெண் கேட்டேன். உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமாம்மா?" என்று சிரித்துவிட்டார். போகும்போது, "அப்ப அந்தப் பேனரை என்ன செய்ய அத்தை?" என்று கேட்டார். "நெல்லு காயப்போட விரிச்சுக்கிடுங்க" என்றேன்.

ஆகவே முகூர்த்தம் குறித்த நாளில் குறித்த நேரத்தில் நடக்கும். மகள் கையில் நீர் விட்டுக் கொடுப்பவள் வடிவு. அந்த இடத்தில் உனக்கு வேலை கிடையாது. நீ வந்து நின்று, "நான் வந்துட்டேன்லா" என்று கையை நீட்டினாலும் கிடையாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தது. போட்டிக்குப் போகிறாயா, போ. இந்திய டீமில் இடம் கிடைத்தால் பத்திரிகையில் போடுவார்கள், பேச்சை விட்ட கோமதியும் வந்து சொல்லுவாள், நானும் "ஆமாட்டி, எம் மவன்தான்" என்பேன். அந்தப் பெருமை என்னை விட்டுப் போகாது, எனக்கு அதுவும் ஒரு தண்டனைதான். ஒன்று மட்டும் யோசித்துப் பார். விழுந்து கிடந்தவனுக்கு மேலே ஆட்கள் வருகிறவரைக்கும் வட்டமடித்த மனசு உன்னிடம்தான் இருக்கிறது. அது எங்கள் பக்கம் ஏன் திரும்பவே இல்லை? நாங்கள் விழாமல் நின்றதுதான் குற்றமா? ஒருத்தியாவது படுத்துக்கிடந்து கத்தியிருந்தால் வந்திருப்பாயோ என்னவோ. நிற்கிறவர்களுக்கும் மேலே ஒருவன் இருக்க வேண்டியிருக்கிறது இசக்கி. அதை உனக்குச் சொல்லிக்கொடுக்காமல் வளர்த்துவிட்டேன்.

வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவளால் அந்தச் சொல்லை எழுத முடியவில்லை, எழுதி அடித்துவிட்டேன். வந்தால் பஸ்ஸில் வா. முன்வரிசையில் ஒரு நாற்காலி இருக்கும். "பொண்ணுக்கு அப்பா" என்று யாராவது கைகாட்டினால் எழுந்து கும்பிடு. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு, இலை நம் தோட்டத்து இலைதான், வடிவு வெட்டியது. ஆனால் அன்றைக்கு எந்த ஊரில் எந்த மலையில் நீ நின்றாலும், உன் புள்ளியைப் பார்க்க இங்கே ஆள் கிடையாது. பவித்ரா தன் போனிலிருந்து அதை அழித்துவிட்டாள். வடிவு போனை வாங்கி அதிலும் அழித்தாள். உன் கமிட்டிக்காரர்கள் செய்தி வராவிட்டால் தேடி ஆள் அனுப்புவார்கள். நாங்கள் இனிமேல் தேட மாட்டோம்.

இந்த வீட்டில் உன்னைத் தேடிக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான். அவருக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. வருவதாக இருந்தால், நம் ஊர் ஆற்றங்கரைக் கல்யாண மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால் படித்துறைக்குப் போ. அவர் சாம்பலைக் கரைத்தது மண்டபத்துக்கு நேர் கீழே உள்ள படியில்தான். பெட்டியை மேலே வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நில். பக்கத்தில் குளிக்கிறவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்: "இறங்கிட்டேம்ப்பா." அதைச் சொல்லிவிட்டு, ஈரத்தைத் துவட்டிக்கொண்டு மேலே ஏறி வா.